விடுதி மூடிய லீவு

அன்று விடியும்போது மல்லிகைத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். பூப்பறிக்கிற ஐந்து பெண்களில் ஒருவர்கூட வரவில்லை. நானும் இல்லை. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வீட்டுக்குள் வேப்பிலை மேல் கிடந்தேன்.

கல்லூரி விடுதியில் மூன்று பேருக்கு அம்மை போட்டிருந்தது. "அவங்களத் தனி ரூம்ல வைப்போம். மத்தவங்க வெளிய போகாம இங்கயே இருங்கப்பா" என்றார் வார்டன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். பேசத் தெரியும் என்று ஒரு நினைப்பு. "எங்களுக்கு ஏதாவது ஆனா யார் சார் பொறுப்பு? மூடுனாத்தான் பரவாது" என்றேன். பையன்கள் கைதட்டினார்கள். மறுநாளே விடுதியை மூடி, ரெண்டு வாரம் லீவு விட்டார்கள்.

சித்தையன்கோட்டைப் பக்கம் அப்பா குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. சித்திரை முகூர்த்தத்துக்குப் பூ விலை ஏறும். அதில்தான் குத்தகையைக் கட்ட வேண்டும். நானும் தினமும் பறிக்க இறங்கினேன்.

"ஏலே காலேஜு, என்ன இம்புட்டு லீவு?" என்றாள் பூப்பறிக்கிறவர்களில் மூத்த அக்கா.

"அம்மை பரவாம இருக்கத்தான்க்கா. நான்தான் பேசி வாங்குனேன்."

"அப்ப எங்க தலையில கொட்ட வந்தியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

லீவு முடியப் போகிற நேரம் காய்ச்சல் வந்தது. மறுநாள் முகத்தில் கொப்புளம். அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பை நிறுத்தினாள். ஆத்தா வந்திருக்கிற வீட்டிலிருந்து பூ வெளியே போகக்கூடாது. பறிக்கிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அப்பா செடிக்குத் தண்ணீர் மட்டும் பாய்ச்சினார். மொட்டெல்லாம் செடியிலேயே மலர்ந்து கொட்டியது. முகூர்த்தமும் போனது.

"ஆத்தா வெளையாடுறா, நீ என்ன பண்ணுவ" என்று அம்மா விசிறினாள். ஆத்தாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நான் எழுந்து நடமாடியபோது மூத்த அக்காவும், என் பக்கத்து வரிசையில் பறித்த அக்காவும் படுத்துவிட்டார்கள். அப்புறம் அவர்களின் பிள்ளைகள்.

நான் கல்லூரிக்குத் திரும்பியபோது விடுதி திறந்திருந்தது. புதிதாக யாருக்கும் வரவில்லையாம். "நீ பேசுனதாலதான்டா நம்ம தப்பிச்சோம்" என்று ஒருவன் தோளில் தட்டினான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மூத்த அக்கா பறிக்க வந்திருந்தாள். நெற்றியில் தழும்பு. எதிரே போய் நின்றேன்.

"என்னலே, மறுபடியும் லீவா?" என்று சிரித்தாள். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பனுக்குப் பூவுல இருபத்தஞ்சாயிரம் போச்சாம். எங்க ரெண்டு பேருக்கும் கூலியில எட்டாயிரம், அப்பு."