சந்தனம்மாள் கொட்டகைக்குப் பால் காய்ச்சிய கதை

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் எல்லோரும் காட்டு வேலைக்குப் போவோம். பெய்யாவிட்டால் ஆண்கள் டீக்கடைக்குப் போவார்கள், பெண்கள் பனையோலையில் கொட்டான், அதாவது பலகாரம் போடும் சின்னப் பெட்டி, முடைவார்கள். அந்தப் பெண்களைச் சேர்த்துக் கொட்டான் சங்கம் தொடங்கியவர் சந்தனம்மாள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. வாய் மட்டும் அவரை விடவில்லை.

எழுபத்தோராம் வருஷம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நாகசுப்பிரமணியன் மதுரையில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். வந்த கையோடு அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கம், நரிக்குடி செக்கு எண்ணெய்ச் சங்கம், எங்கள் கொட்டான் சங்கம் மூன்றையும் சேர்த்து 'இணைப்புச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவர் யார் என்பதில் தகராறு வரவில்லை. மைக் செட் அவருடையது.

கொள்கை ஒன்றுதான். ஒரு சங்கத்தின் சரக்கை மற்றச் சங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியாள் இடையில் புகக் கூடாது. நல்ல கொள்கைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொடுக்கல் வாங்கல் என்றால் கல்யாண வீட்டுச் செய்முறைதான் தெரியும். ஒருவர் செய்தால், அதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். குறைந்தால் மானம் போய்விடும்.

கொட்டான் சங்கம் ஒரு கட்டு கொட்டான் அனுப்பியது. நெசவாளர்கள் அதற்கு மேலாகச் சேலை அனுப்பினார்கள். பதிலுக்கு இரண்டு கட்டு போனது. செக்குக்காரர்கள் ஒரு டின் எண்ணெய் அனுப்பினார்கள். அவர்களுக்கும் கொட்டான் போனது. ஒரு வருஷத்தில் நெசவாளர் வீடுகளில் தறிக்குப் போக வழியில்லாமல் கொட்டான் அடைந்தது. செக்கு மாடு சுற்றும் பாதையிலும் கொட்டான். மாடு பாதி வட்டம் போய் நின்றது. எங்கள் ஊர்ப் பெண்கள் புதுச் சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, பட்டினி கிடந்தார்கள்.

சங்கத்தில் கை வேகமான ஆள் கருத்தம்மாள். ஐப்பசி பிறந்தும் மழை விழவில்லை. அவர் துணிமூட்டையைக் கட்டிவிட்டார்.

"நா தூத்துக்குடி உப்பளத்துக்குப் போறேன் மதினி. எண்ணெயத் தலையில வெச்சாச்சு, சேலைய உடுத்தியாச்சு. ஒலையில எதப் போட?"

"ஒரு வாரம் பொறு" என்றார் சந்தனம்மாள்.

"வயித்துக்கிட்ட நீயே சொல்லு."

கருத்தம்மாள் போனால் மற்றவர்களும் போவார்கள், சங்கம் முடிந்துவிடும். சந்தனம்மாளுக்கு அது தெரியும்.

அந்த வாரமே பந்தல்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் முத்துமணி வந்தார். "தாயி, தீபாவளிக்குக் கருப்பட்டி மிட்டாய் லோடு அனுப்பணும். எம்புட்டுக் கொட்டான் இருந்தாலும் எடுத்துக்கிறேன். ரொக்கம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

கையில் ஒரு கொட்டான்கூட இல்லை. சந்தனம்மாள் நாகசுப்பிரமணியனிடம் ஓடினார்.

"வெளியாளுக்கா? கொள்கை என்ன ஆவது?"

"கொள்கைய அரைச்சுக் கொழம்பு வெக்க முடியுமா ஐயா?"

"நீ உணர்ச்சிவசப்படுகிறாய் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மைக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. செய்த சீரைத் திரும்பக் கேட்டவள் என்ற பெயரோடு எங்கள் பக்கம் யாரும் வாழ முடியாது. சந்தனம்மாள் ஒரு ராத்திரி யோசித்தார். விடிந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

நெசவாளர் சங்கத் தலைவர் அப்பய்யாவுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"அண்ணே, புதன்கெழம எங்க சங்கத்துப் புதுக் கொட்டகைக்குப் பால் காய்ச்சுறோம். சீரோட வரணும்."

"இன்னும் எத்தன சேலம்மா?"

"சேல வேணாண்ணே. கொட்டகையும் ஓல, சங்கமும் ஓல. ஓலச் சீருதான் ராசியாம். கொட்டானாக் கொண்டாங்க."

அப்பய்யாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. "நெசமாத்தான் சொல்றியா? எம்புட்டு வேணாலும் கொண்டாரலாமா?"

"செக்குக்காரவுக ஒரு வண்டி கொண்டாறாகளாம்."

"அப்ப நாங்க ரெண்டு வண்டி!"

நரிக்குடியில் சந்தனம்மாள் இதையே திருப்பிச் சொன்னார். ஊருக்கு வந்ததும் பெண்களைச் சேர்த்து ஓலையில் ஒரு கொட்டகையும் போட்டுவிட்டார்.

புதன்கிழமை மேளத்தோடு வண்டி வண்டியாகக் கொட்டான் வந்தது. பால் பொங்கியது. நாகசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்து, "நாம் தனித்தனி வளையங்கள் அல்ல, ஒரே சங்கிலி" என்று ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் முன்னால்தான் பார்க்க வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் முத்துமணியின் லாரி நின்றது. கருத்தம்மாளும் மற்றவர்களும் கட்டுக் கட்டாக ஏற்றினார்கள். அவர் பேச்சின் நீளம் அன்றைக்கு ஒரு நாள் ஊருக்கு உதவியது.

கைதட்டல் முடிந்து திரும்பினால் கொட்டகை காலி.

"சீர் எங்கே?" என்றார் நாகசுப்பிரமணியன்.

"பந்தல்குடிச் சொந்தக்காரவுக வந்தாக ஐயா. எடுத்துட்டுப் போறாக."

அப்பய்யா பின்னால் போய் லாரியைப் பார்த்தார். சந்தனம்மாள் முந்தானையில் ரூபாய் முடிவதையும் பார்த்தார். இரண்டு பாஷையிலும் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாயி, அந்த அண்ணாச்சிக்குத் துண்டு வேணுமான்னு கேளேன்" என்றார்.

கருத்தம்மாள் மூட்டையை அவிழ்த்துவிட்டு அரிசி வாங்கக் கிளம்பினார்.

புறப்படும்போது முத்துமணி லாரியிலிருந்து ஒரு சேவுப் பொட்டலத்தை நீட்டினார். "பால் காய்ச்சுன வீடு. சும்மா வெச்சுக்க தாயி."

சந்தனம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணாச்சி. வெலையச் சொல்லுங்க. சும்மா வாங்குனா நா ஒங்களுக்கு ரெண்டாத் திருப்பிச் செய்யணும்."