தீராத எண்ணெய்

மீன் குழம்பில் எண்ணெய் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்காமல் ஏசுதாசன் சோற்றைப் பிசைவதில்லை. "ஃபேனை நிறுத்தும்மா, காத்து இழுத்துட்டுப் போகுது" என்பார். "அது குழம்புங்க, வங்காள விரிகுடா இல்ல" என்பார் மனைவி ரத்தினபாய். ஆனால் ஃபேன் நிற்கும்.

கப்பலிலிருந்து கடலில் கொட்டும் எண்ணெயை அள்ளுவது எப்படி என்று துறைமுக ஆட்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் சொல்லித் தருவது அவர் உத்தியோகம். பயிற்சி நிலையம் சேலையூரில். அங்கே கடல் இல்லாத குறையைச் சிமெண்ட் தொட்டி தீர்க்கிறது. புயலுக்கு டேபிள் ஃபேன். ஒரு டின் கழிவு ஆயிலைத் தொட்டியில் ஊற்றுவார். மாணவர்கள் வைக்கோல் அடைத்த சாக்கு மூட்டைகளைக் கோத்து மிதக்கும் வேலி போட்டு, ஆயிலை மூலைக்கு ஒதுக்கி, தேங்காய் நாரில் ஒற்றி, பிழிந்து டின்னில் சேர்க்க வேண்டும். சோப்புத் தூளோடு வருகிறவருக்கு அன்று வகுப்பில் இடமில்லை. "சோப்பு போட்டா எண்ணெய் போகாது, ஒளிஞ்சுக்கும்."

ஏழு வருடத்துக்கு முன் வந்த அதே டின்தான் இன்றும். அளவு குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. "புது எண்ணெய் வாங்கினா, நான் பாடம் நடத்தலேன்னு அர்த்தம்."

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து தயாளன் சோதனைக்கு வந்தார்.

"ஏழு வருஷமா எண்ணெயே தீரலையே மிஸ்டர் ஏசுதாசன். அப்போ பயிற்சியே நடக்கலையா?"

"நடந்ததாலதான் சார் தீரலை."

"அதெல்லாம் மேல புரியாது. சாப்பிட்டு வர்றேன். காலி டின்னைக் காட்டுங்க. இல்லேன்னா நிலையத்தை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

மூடினால் ஏசுதாசனுக்குத் தபால் பிரிவு. அங்கே எண்ணெயே கிடையாது.

"இதுக்கு இன்னா சார் பேஜாரு?" என்றார் பியூன் ஜெயவேலு. "பின்னாடி சாக்கடை கீது. கவுத்துட்டு டின்னைக் காட்டு. கிளாஸ் பொழச்சிக்கும்."

ஏசுதாசன் டின்னைப் பின்பக்கம் தூக்கிப் போனார். கவிழ்த்தார். கறுப்பாக இறங்கிய ஆயில், சாக்கடை போய் விழும் ஏரியைப் பார்த்து நகர்ந்தது. அவர் விரலை நனைத்து உயர்த்திக் காற்றுப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார்.

"ஐயோ சார், அவரு வந்துகினு கீறாரு! டின்னைக் காலியாவே வுடு!"

தயாளன் வெற்றிலை மென்றபடி பின்பக்கம் வந்தபோது, சாக்கடைக்குக் குறுக்கே சாக்கு மூட்டை கிடந்தது. ஏசுதாசன் பனியனோடு குந்தி, சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். டின் பாதி நிறைந்திருந்தது. தலை நிமிராமல், காற்றை மறைக்காதீர்கள் என்று இடது கையால் அதிகாரியை ஒதுங்கச் சொன்னார்.