கண்ணாடி போட்ட சாமி வளர்த்த செடி

எங்கள் வீட்டுச் சாமி மேடையில் பிள்ளையார், முருகன், மாரியாத்தா ஆகியோருடன் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சாமியும் இருந்தது. அதைப் பெரியம்மா என்று சொல்லிக் கும்பிட அம்மா என்னைப் பழக்கியிருந்தார். மற்ற சாமிகளுக்குக் கடையில் வாங்கிய பூ. பெரியம்மாவுக்கு மட்டும் வாசலில் நின்ற நந்தியாவட்டை. வருஷத்துக்கு ஒருமுறை பெரியம்மா படத்துக்கு முன்னால் புதுச் சேலை வைத்துப் படைத்து, சூடம் காட்டி, பிறகு அந்தச் சேலையை அம்மாவே கட்டிக்கொள்வார்.

அப்போது எனக்கு ஏழு வயது. மற்ற சாமிகளெல்லாம் வேலும் சூலமுமாக இருக்க, இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் கண் தெரியவில்லை என்பதுதான் என் கவலை. கேட்டால், "பேசாம விழுந்து கும்புடு" என்பார் அம்மா. அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

படத்தில் இருந்தவர் அப்பாவின் முதல் சம்சாரம், அவர் இறந்த பிறகுதான் அம்மா அந்த வீட்டுக்கு வாழ வந்தார், வாசல் செடி அவர் கையால் வைத்தது என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டவை.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸை உடைக்கப் போகிறார்கள் என்று ஆனதும், கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு பார்த்துக் கிளம்பினோம். கட்டில், அலமாரி எல்லாம் லோரியில் ஏறிய பிறகு, அம்மா மண்வெட்டியோடு செடிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அத விடு. வயசான செடி, பேத்தா செத்துப் போயிரும். அங்க போயி புதுசா ஒண்ணு வச்சுக்கலாம்" என்றார் அப்பா.

"புதுசு வச்சா அது அக்கா வச்சதாயிருமா?"

"உனக்கு எதுக்கு இந்தப் பாரம்னுதான் சொல்றேன்."

"பாரம்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? அக்கா வராம நான் லோரில ஏற மாட்டேங்க."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

லோரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, இன்னும் ஒரு அக்கா வரணுமா? முன்னாடி இடமில்ல லா! பஸ்ல வரச் சொல்லுங்க."

நான் மட்டும்தான் சிரித்தேன். அப்பா மண்வெட்டியை வாங்கினார். கிளைகளைக் கழித்துவிட்டு, வேர் அறுபடக் கூடாதென்று தூரத்தில் இருந்தே சுற்றிச் சுற்றி வெட்டினார். "அண்ணே, செடி எடுக்கிறீங்களா, கெணறு வெட்டுறீங்களா?" என்று லோரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

சாக்கில் கட்டிய செடி கிள்ளான் வரைக்கும் அம்மா மடியில் வந்தது. அது என் இடம். வேறு வழியில்லாமல் அப்பா மடியில் இருந்தபடி, லோரியில் போனால் சாமிக்குத் தலை சுற்றுமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

புது வீட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டோம். ஒரே வாரத்தில் இலை பழுத்து, கொட்டி, வெறும் குச்சிதான் நின்றது. பக்கத்து வீட்டு ஆன்டி, "செத்த செடி வாசல்ல நின்னா நல்லதில்லம்மா, புடுங்கிப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருக்க ஆரம்பித்தார். ஒருநாள் சாமி மேடைக்கு முன்னால் கண்ணை மூடி, "ஆத்தா, அக்காவ என் கையில சாக விட்றாத" என்று அவர் அழுதது எனக்குக் கேட்டது. சாமி எப்படிச் சாகும்?

பிறகு ஒரு காலை, அப்பா வேலைக்குப் போகும் உடுப்போடு அந்தக் குச்சிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. ஆத்தா புண்ணியத்தில், அந்தச் செடியின் கிளைதான் இன்று பூச்சோங்கில் என் வீட்டு வாசலில் பூக்கிறது. அப்பா அந்தப் பச்சையில் விரலை வைத்துக்கொண்டு மெல்லப் பேசினார். நடுவில் சிரித்தார். எங்களோடு அத்தனை பேச்சு அவர் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளே ஓடினேன். "அம்மா! அப்பா பெரியம்மாவக் கும்புடுறாரு! வாய்விட்டுப் பேசிக் கும்புடுறாரு!"

தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலுக்குக் கிளம்பிய அம்மா ஜன்னலோடு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினார்.

"நாமளும் போயிக் கும்புடலாமாம்மா?"

"வேணாம். அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்."

ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தேன். அப்பா ஒருவர்தான் இருந்தார். அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை வாரத் தொடங்கினார். பள்ளிக்கூட வேன் வந்து ஹார்ன் அடிக்கும் வரை பின்னினார், அவிழ்த்தார், மறுபடியும் பின்னினார். சடை முதல் தடவையே நேராகத்தான் இருந்தது. அம்மா எதைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.