லூயிஸின் துப்பாக்கிக்கு ஜானட் போட்ட விலை

ஜானட் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், லைசென்ஸ் வைத்திருக்கிற யாராவது ஒரு பழைய துப்பாக்கியை விற்கவோ வாங்கவோ நினைத்தால், "ஜானட்டம்மா பாத்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இருபத்தெட்டு வருஷம் எண்ணூரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவர். கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். கருவி சொல்கிற விடையை விரல் முன்னாலேயே சொல்லிவிடும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் இதை நம்பாமல், ஜானட் கெட்டதென்று ஒதுக்கிய நாற்பது தண்டுகளையும் கருவியில் வைத்துச் சோதித்தார். முப்பத்தொன்பது கெட்டவை. நாற்பதாவது தேறியது. "அத்த மட்டும் இன்னொரு தபா வெச்சிப் பாருங்க சார்" என்றார் ஜானட். மறுபடி வைத்தபோது அதுவும் தேறவில்லை. அதற்குப் பிறகு மேனேஜர் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "டைம் கெடைக்கல" என்று ஒரே பதில். நாற்பத்தொன்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கமாலுதீனின் துப்பாக்கிக் கடையில் பதிவேடு எழுதச் சேர்ந்தார். மூன்றாம் மாதமே, புத்தம் புதுசு மாதிரி மின்னிய ஒரு வேட்டைத் துப்பாக்கியைத் தடவிப் பார்த்து, "பாய், இத்த யாரோ அரத்தால சீவிக்கீறாங்க" என்றார். அரத்தால் சீவித்தான் இருந்தது. அன்றைக்கு கமாலுதீன் பதிவேட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியையும் விளக்கையும் ஜானட்டின் மேசைக்கு மாற்றினார். ஜானட் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தார். எட்டு வருஷத்தில் அவர் எழுதிய மதிப்பீட்டுத் தாளை யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை.

சிலுவையம்மாள் வந்தது போன ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை. அறுபத்துமூன்று வயது. அவர் கணவர் லூயிஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் இறந்துபோனார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால், துப்பாக்கியைக் கமாலுதீன் கடையில் ஒப்படைத்திருந்தார்கள். வாரிசுகள் விற்கலாம் என்று இப்போது அனுமதி வந்துவிட்டது. சிலுவையம்மாள் மாத்தூரில் மகள் வீட்டில் இருந்தார், படுக்கை ஹாலில்தான். மொட்டை மாடியில் தனிக் கதவோடு ஒரு ரூம் எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். துப்பாக்கி அதற்குக் கை கொடுக்கும் என்று நம்பினார். மருமகன் நோயல் கூட வந்திருந்தான்.

கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் அமெரிக்க ரைஃபிள் அது. 1898-இல் செய்தது. துறைமுகத்து வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது லூயிஸின் அப்பாவிடம் முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. கறுகறுவென்று, மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி மின்னியது.

"நெட்ல பாத்தேன் ஆன்ட்டி. இதே மாடல் எட்டு லட்சத்துக்குப் போயிருக்கு" என்றான் நோயல். "நம்மளுது அத்த வுட பளபளன்னு கீது."

"அதான்டா பிரச்சனை" என்றார் ஜானட்.

அன்றைக்கே வாங்க வந்தவரும் கடையில் இருந்தார். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கும் பிரகாஷ். கமாலுதீனுக்குப் பெரிய வாடிக்கை. அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, பாலிஷ் போட்டுட்டா பழைய பொருளுக்கு மரியாதையே கிடையாது. சுவத்துல மாட்டி வைக்க அறுபதாயிரம் தரேன். இன்னிக்கே முடிச்சுக்கலாம்" என்றார்.

சிலுவையம்மாள் ஜானட்டைப் பார்த்தார். "இன்னா ஜானட்டு சொல்றாரு இவரு? பாலிஷ் போட்டது எங்க வூட்டுக்காரரு. மூணு மாசம் குந்திகினு கையால போட்டாரு."

பொய் சொல்லி அந்த நிமிஷத்தைக் கடந்திருக்கலாம். அது ஜானட்டுக்குப் பழக்கமில்லை. "சிலுவக்கா, பாலிஷால வெல எறங்கிட்சி. அது நெசம். எவ்ளோன்றது இவரு சொல்லக் கூடாது. நான் பாக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."

சிலுவையம்மாளின் முகம் இறுகியது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஜானட் துணியை விரித்து, ரைஃபிளை வைத்து, முதலில் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பக்கவாட்டுத் தகடுகளின் முனைகள் கத்தி மாதிரி இருந்திருக்க வேண்டும். சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. திருகுத் துளைகளின் விளிம்பு லேசாகக் குழிந்திருந்தது. குழலின் மேல் தொழிற்சாலை பொறித்த எழுத்துகள் தேய்ந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. லீவரும் சுத்தியலும் அந்தக் காலத்தில் எண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரிப் பல நிறமாக வந்தவை. இதில் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றையும் தாளில் எழுதினார். ஒவ்வொன்றும் விலையைக் கீழே இழுத்தது. பிரகாஷ் எட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று அவருக்கு உறுத்தியது. அழகுக்காகப் பாலிஷ் போடுகிறவர்கள் மெஷினில் கொடுப்பார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும், பரப்பு அலையலையாக இருக்கும். இது அப்படியில்லை. ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி நீள நீளமாக இழுத்த கை. இவ்வளவு பொறுமைக்காரன் எதற்காக இவ்வளவு இரும்பைத் தேய்த்தான்?

முன்பக்கக் கட்டையைக் கழற்றினார். மரத்துக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் பாலிஷ் இல்லை. அங்கே குழல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். துருவை மட்டும் சுரண்டி எடுத்து எண்ணெய் பூசி விட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர்க் குழி. எண்ணூரில் கடற்காற்றில் கிடந்த தண்டுகளில் ஜானட் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

"சிலுவக்கா, இது எப்ப கடல் தண்ணில கெடந்துச்சி?"

சிலுவையம்மாள் நிமிர்ந்தார். "உனுக்கு யாரு சொன்னா?"

"இரும்பு சொல்லுது."

"எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருசம். புயல் வந்து கடல் தெருவுல ஏறிட்சி. கட்டிலுக்கு அடீல தகரப் பெட்டில இருந்துச்சி. அஞ்சு நாள் தண்ணில. தொறந்தா செங்கல் மாதிரி நிக்குது. போலீஸ்ல குட்த்துடலாம்னேன். இல்ல, அப்பாவோட பொருளு, நானே எடுத்துடறேன்னாரு. டூட்டி முடிஞ்சி வந்து டெய்லி அதே வேல."

"குழலு உள்ள?"

"மாமனாரு கிரீஸ் அடச்சி ரெண்டு பக்கமும் கார்க் வெச்சிருந்தாரு. அதுக்குள்ள தண்ணி பூவல."

ஜானட் குழலுக்குள் விளக்கைச் செலுத்தினார். தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் சுழன்று சுழன்று உள்ளே ஓடின. விளிம்புகள் கூர்மையாக, ஒரு புள்ளி துருகூட இல்லாமல் இருந்தன. அவர் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு நல்ல தண்டு கையில் வந்தால் தொழிற்சாலையில் வருமே, அந்தச் சந்தோஷம்.

பேனாவை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே எழுதினார்.

"தொழிற்சாலைலேர்ந்து வந்த மெருகோட இருந்தா, நம்ம ஊர்ல ஆறு லட்சம். நெட்ல பாத்த எட்டு அமெரிக்காக்காரன் கணக்கு, அது இங்க செல்லாது நோயலு. துருவோட வுட்டிருந்தா நாப்பதாயிரம். உதிரி சாமானுக்குத்தான் எடுப்பாங்க. இவரு மெருக எடுத்தாரு, துப்பாக்கியக் காப்பாத்துனாரு. ரெண்டையும் எழுதணும். பாகத்துல பொறிச்ச நம்பர் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேருது. குழலு முதல் தரம். லீவர் ஒயுங்கா வேல செய்யுது. தோட்டா கெடைக்கிறது கஷ்டம், அதுக்குக் கொஞ்சம் கழிக்கணும்." கோடு போட்டார். "ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

நோயல்தான் முதலில் வாயைத் திறந்தான். "எட்டு எங்க, ரெண்டு எங்க! ஆன்ட்டி, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல எனுக்குத் தெரிஞ்ச ஆளு கீறான். இன்னொரு பாலிஷ் அடிச்சி, அந்த எழுத்தக் கொஞ்சம் வெட்டி உட்டா—"

"கைய வெச்ச, அவ்ளோதான்" என்றார் ஜானட். குரல் உயரவில்லை. "இப்ப மிச்சம் கீற எழுத்துதான் அது யாருன்னு சொல்லுது. புதுசா வெட்டுனா அது கள்ள எழுத்து. அப்ப இந்தத் தாளக் கிழிச்சிட்டு வேற தாளு எழுதுவேன். அதுல முப்பதாயிரம்தான் இருக்கும்."

நோயல் நகர்ந்து சிலுவையம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பிரகாஷ் கமாலுதீனைத் தனியாகப் பார்ப்பது போலத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "பாய், நான் வருஷத்துக்கு உங்ககிட்ட எவ்ளோ வாங்கறேன்? ஒரு லட்சம்னு எழுதச் சொல்லுங்க. அம்மாவுக்கும் நஷ்டமில்ல, எனக்கும் சந்தோஷம்."

கமாலுதீன் நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். "ஜானட்டம்மா, கொஞ்சம் பாத்து..." என்று இழுத்தார்.

"பாத்துட்டேன் பாய். ஒரு மணி நேரமா அத்ததானே பாத்துகினு கீறேன்." தாளில் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் கமாலுதீன் பக்கம் தள்ளினார். "வேற வெல வேணும்னா வேற ஆளு எழுதட்டும். என் கையெழுத்துக்கு இதான் வெல." பிறகு பிரகாஷிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "சார், நம்பிக்கை இல்லன்னா வெளியூர்ல யார வேணா கூப்ட்டு காட்டுங்க. துப்பாக்கி இங்கதான் இருக்கும். அவரு வேற சொன்னா நான் காது குடுத்துக் கேப்பேன்."

கமாலுதீன் ஒரு நொடி தயங்கிவிட்டு முத்திரையைக் குத்தினார். பிரகாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கார் திரும்பும் வரை கமாலுதீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலுவையம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை. போகும்போது, "அவரு பண்ணது தப்புன்றியா?" என்று கேட்டார்.

"எந்த நேரத்துல பண்ணாருன்னு பாக்கணும் இல்ல? அப்ப அத்த வுட்டா வேற வயி கெடையாது. ஆனா வெல வேற, அவரு பண்ணது வேற. ரெண்டையும் கொயப்பிக்காத."

சிலுவையம்மாள் பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினார்.

ஐந்து வாரம் போயிற்று. நடுவில் எண்பதாயிரத்துக்கு ஒருவர் கேட்டார். வேண்டாமென்று ஜானட்டே ஃபோனில் சொன்னார். நோயல் இரண்டு முறை வந்து முணுமுணுத்தான். ஜானட் ஒவ்வொரு நாளும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு ரைஃபிளைத் துடைத்து வைத்தார். விலையைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

ஆறாவது வாரம் பிரகாஷ் பெங்களூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பெட்டி, பேச்சு குறைவு. ஜானட் தன் தாளைக் காட்டவில்லை. மேசையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு டீ சொல்லியனுப்பினார். வந்தவர் ஒன்றரை மணி நேரம் பார்த்து ஒரு சீட்டில் எழுதி பிரகாஷிடம் நீட்டினார். இரண்டு லட்சத்து ஐயாயிரம்.

பிரகாஷ் சீட்டையும் ஜானட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அந்த அஞ்சாயிரம் எங்க மேடம் போச்சு?"

"சாரு முன்கட்டையக் கழட்டல. அழகுக்குப் போட்ட பாலிஷ்னு கழிச்சிட்டாரு" என்றார் ஜானட்.

பெங்களூர்க்காரர் நின்று, கழற்றிப் பார்த்தார். குழிகளை விரலால் தொட்டார். "இப்படிக் கிடந்ததையா இந்த அளவுக்குக் கொண்டுவந்தாங்க?" என்றார். "யார் செய்தது?"

"லூயிஸ்னு ஒருத்தர். ஹார்பர்ல போட் ஓட்டுனாரு."

பிரகாஷ், ஜானட் போட்ட இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தையே கொடுத்தார். லைசென்ஸில் ஏற்றுவது, காகிதங்கள் எல்லாம் முடிய இன்னும் இருபது நாள் ஆயிற்று. பணம் சிலுவையம்மாளின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போனது. மாடி ரூமுக்கு ஆடி முடிந்ததும் கொத்தனார் வருவதாகச் சொன்னார்.

கையெழுத்துப் போட வந்த அன்றைக்கு, எல்லாம் முடிந்த பிறகும் சிலுவையம்மாள் எழுந்திருக்கவில்லை. "ஜானட்டு, நீ எய்தின தாளு ஒரு காப்பி எனுக்குக் குடு. அவரப் பத்தி இங்கிலீஷ்ல இன்னா எய்தி வெச்சிகீற? படி."

ஜானட் தாளை எடுத்து, கீழிருந்து மூன்றாவது வரியைத் தமிழில் சொன்னார். "கடல் நீரால் பழுதானது. பின்னர் உரிமையாளர் தம் கையாலேயே மெருகிட்டது. வேலை சீரானது, பொறுமையானது. இதைச் செய்திராவிட்டால் இந்தத் துப்பாக்கி இன்று இல்லை."

சிலுவையம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஜானட் படித்தார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரட்டா" என்று எழுந்து, மாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.