கண் எழுதாத மாதா

கொத்துமல்லி அரிந்துகொண்டிருந்தேன். குன்னூரில் நான் சமையல் பார்க்கும் விடுதியில் ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருக்கிறார். மாடியில் அவர் போனில் ஏதோ பாட்டு போட்டார். கனமான ஒரு ஆண்குரல் எழுந்தது, அதற்குப் பின்னால் வயலின்கள். கத்தி அப்படியே நின்றுவிட்டது. இது அந்த ஓவியக்காரன் பாட்டாச்சே!

மேலே போய்க் கேட்டிருக்கலாம். விருந்தாளி எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற ஆள் நான். பத்தாவதோடு நின்றவளுக்கு ஓபரா எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்களிடமென்றால் சொல்லலாம்.

மெழுகு வாசனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு வயதான ஒரு ஜெர்மன் டீச்சர் வீட்டில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மரத்தரைக்கு மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும். நான் தேய்க்கத் தேய்க்க அவர் இசைத்தட்டு வைப்பார். அந்த ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், ஒரு தட்டில் அடங்காது. வாரம் ஒரு தட்டு. முடிந்ததும் கதையைத் தமிழில் சொல்வார். பாட்டில் சத்தம் பெரிதானால் நான் மெழுகு டப்பாவை இறுக்கி மூடிவிடுவேன். ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் காலத்து ஜெர்மனியாம். சாமி ஒன்று, கும்பிடுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சியின் புத்தகத்தை இன்னொரு கட்சி எரிக்கிறது. இன்னொரு பக்கம் விவசாயிகள் கலகம். நடுவில் சர்ச்சுக்குப் படம் வரைகிற ஒருவன். ஊர் பற்றி எரியும்போது படம் எதற்கு என்று அவன் தூரிகையைப் போட்டுவிட்டுப் போகிறான்.

அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் அண்ணனும் அப்போதுதான் தூரிகையைப் போட்டிருந்தான்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தது. எஸ்டேட் லைன் வீட்டை நாங்கள் லயம் என்போம். லயத்து மாரியம்மன் கோவில் சுவரில் இருந்ததெல்லாம் அண்ணன் எழுதிய படங்கள். சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவான். திரை கட்டி, எதிரே கண்ணாடி பிடித்து, சாமியின் முதல் பார்வை மனுசர் மேல் விழாமல் கண்ணாடியில் விழும்படி செய்வான்; கண் திறப்பு என்று அதற்குப் பேர். அந்த வருசம் மாதா கோவில்காரர்களும் சுவரில் மாதாவை எழுதச் சொன்னார்கள். குழந்தையோடு நீலச்சேலை மாதா. எழுதி முடித்து, கண் இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டு, பழக்கதோசத்தில், “திரைத்துணியும் கண்ணாடியும் கொண்டாங்கண்ணே” என்றிருக்கிறான்.

மாதா கோவிலுக்குப் பெரியவரான ஆரோக்கியம் அண்ணன் கொதித்துவிட்டார். “எங்க மாதாவ மாரியம்மனாக்கப் பாக்குறியா?”

சேதி நாங்கள் இருந்த மேல் லயத்துக்கு வர எவ்வளவு நேரமாகும்? மாரியம்மன் கோவில் தலைவர் முத்தையா மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். “அங்க போயி கண்ணு தொறந்தியோ, இனிமே நம்ம ஆத்தா மேல கைய வைக்காத.”

குழாயடியில் இரண்டு வரிசை ஆனது. அண்ணன் தூரிகைகளை மண்ணெண்ணெய் டின்னில் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போய்விட்டான். மாதா திருவிழா நெருங்கியது. கண்ணில்லாத முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் உள்ளே போகவே பயந்தார்கள். அண்ணன் இனி எழுதவே மாட்டானோ என்று அம்மா சோற்றைப் பிசைந்தபடி அழுதாள்.

டீச்சர் சொன்ன கதையை வாராவாரம் அண்ணனுக்குச் சொல்வேன். சனிக்கிழமை நான் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பான், “ஏ பிள்ளை, அந்தாளு இந்த வாரம் என்ன செஞ்சான்?”

“கலகக்காரங்களோட போயிட்டான்.”

“சண்டை போட்டானா?”

“அவனுக்கு அது வரல. கெட்ட கனவா வருதாம்.”

“வரும், வரும். எனக்கே வருது.”

கடைசித் தட்டின் கதையும் சொன்னேன். அந்த ஓவியக்காரன் திரும்பிப் போய் நிறையப் படம் வரைந்தான். பிறகு சாமானையெல்லாம் ஒரு பெட்டியில் வைத்து மூடிவிட்டான்.

“மூடறதுக்கு முன்ன எழுதிட்டான்ல?” என்று கேட்டு அண்ணன் ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரம், அண்ணன் அவனாக உள்ளே போனான். திரையுமில்லை, கண்ணாடியுமில்லை. வெள்ளையாக விட்ட இடத்தில் தோல் நிறத்தைப் பூசி, கீழே மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, இமைமுடி எழுதினான்.

“கண்ணு எங்கடா?” என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

“குனிஞ்சு புள்ளையப் பாக்குறாங்கண்ணே. நிமிந்தா நம்ம சண்டையத்தான பாக்கணும்?”

அவர் சிரித்துவிட்டார். வாசலில் எட்டிப் பார்த்த முத்தையா மாமாவுக்கு ஒரே சந்தேகம்தான். “கண்ணு தொறக்கலையே?”

“தொறக்கல மாமா.”

“அப்ப செரி” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். மறுவாரம் குழாயடியில் ஒரே வரிசை. அதில் யார் முந்தி என்று வேறு சண்டை.

டீச்சர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருசமாகிறது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாரியம்மன் கோவில்காரர்களும் மாதா கோவில்காரர்களும் பிள்ளைகளோடு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். போன மழைக்கு முன்பு லயத்துப் பக்கம் போயிருந்தேன். மாதா கோவிலுக்குக் கூரை இல்லை. காட்டுமாடு ஒன்று நிதானமாக அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். முகம் இருந்த இடம் வழவழவென்று வெறும் சுண்ணாம்பு. அதற்குக் கீழே, நீலச்சேலை மடியில், ஒரு குழந்தையின் இரண்டு கால்கள் மட்டும் இருந்தன.