சோழபுரத்து மஞ்சள் கிணறு

தண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் பாட்டில் வாய் திறக்காது; பாட்டிலைக் கொண்டுவந்தவர் திறப்பார். என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் பாட்டில்

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சோழபுரத்திலிருந்து பேச்சியம்மாள் கொண்டுவந்த தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. அவர் தோட்டத்தை ஒட்டி, மூடிப்போன முலாம் பட்டறை ஒன்று. அதன் கழிவுக் குழியிலிருந்து குரோமியம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்திருந்தது. குரோமியம் இருந்தால் ஊதா காட்டும் மருந்து விட்டதும் தண்ணீர் ஊதாவாக மாறியது. குடிக்கவும் கூடாது, பாய்ச்சவும் கூடாது என்றேன். அவருக்கு இருந்ததோ அந்த ஒரு கிணறுதான். அது போனால் தோட்டமும் போச்சு.

"கூடாது கூடாதுங்கீய. அப்ப நான் எதைக் குடிக்க?"

மண்ணுக்கு இனிப்பு

மண்ணைத் தோண்டி அள்ளினால் பாதித் தோட்டம் லாரியில் போய்விடும். எங்கள் சார் வேறு வழி சொன்னார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு இனிப்புக் கொடுத்தால் பெருகி, ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு அவையும் மண்ணிலுள்ள இரும்புமாகச் சேர்ந்து, கரைந்து வரும் குரோமியத்தைக் கரையாமல் மண்ணோடு ஒட்டவைத்துவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலு துளை போட்டு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊற்றினோம். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

"ஏலே, விசத்துக்குப் பாயாசம் ஊத்துதாவ, வந்து பாருங்க."

தம்பியின் சுத்தம்

மூன்று மாதத்தில் மஞ்சள் வெளிறியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே பழையபடி மஞ்சள். விசாரித்தால், நுண்ணுயிர்கள் வேலை செய்ததில் துளைகளில் அழுகிய முட்டை நாற்றம் வந்திருக்கிறது. பேச்சியம்மாளின் தம்பிக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற வேலை. அக்கா மீது இருந்த பாசத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து நாலு துளையிலும் ஊற்றிவிட்டார். நாங்கள் ஊட்டி வளர்த்த நுண்ணுயிர்கள் கூண்டோடு காலி. ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"நாத்தம்னா கிருமி, கிருமின்னா பிளீச்சிங். எங்க பட்டறையில அம்புட்டுதான் மேடம்."

நிறம் மாறவில்லை

மறுபடி பாகு ஊற்றினோம். இந்தத் தடவை துளைகளுக்குக் காவல் அந்தத் தம்பியேதான். மாதாமாதம் பாட்டில் வந்தது; ஊதா மங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் மருந்து விட்டேன், தண்ணீர் நிறம் மாறவே இல்லை. நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன். மதுரைக்கு அனுப்பிப் பார்த்தும் அதே முடிவு. ஜெயித்துவிட்டோம். நானே டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன். சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வந்தது. பேச்சியம்மாள் ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க. செத்த நேரம் பாத்துட்டுப் பொறவு நான் குடிக்கேன்."

ஒரே மூச்சில் குடித்தேன். நான் செய்த பரிசோதனைகளிலேயே வாடிக்கையாளர் முழுதாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.