மாமியின் பை

வலியசாலை அக்ரகாரத்து மாமியைப் பிசியோதெரபி அறையில்தான் முதலில் பார்த்தேன். நரைத்த கொண்டை, மூக்குத்தி, என் வயது. இருவருக்கும் குதிகால் தசைநாணில் காயம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, குதிகாலை அத்தனை மெதுவாகத் தூக்கி இறக்குவார். நான் மூச்சிரைக்க முடித்துவிட்டுப் பெருமையாக நிற்பேன்.

“என்ன அவசரம்? மெள்ள எறக்கினா மதி, அதுவே போரும்,” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

“எனக்கு ஷட்டில் ஆடப் போகணும், மாமி,” என்றேன், அவருக்குக் கோவில்வரை நடந்தால் போதும் என்ற நினைப்பில்.

டாக்டர் சொல்லும் முன்பே ஆடப் போனேன். முதல் தாவலிலேயே பழைய இடம் சுளீரென்றது.

சில மாதங்கள் கழித்து, ஆட்டத்தை வேடிக்கையாவது பார்க்கலாமென்று நொண்டிக்கொண்டே கோர்ட்டுக்குப் போனேன். மாமி மட்டையோடு வந்தார். என் கால்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை என்னருகே வைத்தார்.

“சித்த பாத்துக்கோங்கோ.”

அந்த வேலையை மட்டும் நான் அவசரப்படாமல் செய்தேன்.